புலிக்காட்டில் ஒரு வைரச் சுரங்கம்

நுழையும்முன்

நிலத்தின் அடியில் கனிமமும் நிலத்தின்மேல் காடும் ஒருசேர அமைந்த இடங்கள் இந்தியாவில் பல உள்ளன. யானையும் புலியும் உலவும் மலைக்காடுகளுக்கு அடியில்தான் இரும்புத்தாதும் நிலக்கரியும் பாக்சைட்டும் படிந்துகிடக்கின்றன. சுரங்கம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் அருகில் வாழும் காட்டுயிர்களைக் காக்க இயலுமா? இவ்வினாவைப் பொதுப்படப் பேசாமல், மத்தியப் பிரதேசத்தின் பன்னா என்னும் ஒரு காட்டின் வரலாற்றைக் கொண்டு ஆராய்கிறது இப்பாடம்.

படிகளாய் அமைந்த காடு

கஜுராகோ கோயில்களுக்குக் கிழக்கே, விந்திய மலைத்தொடரின் மேடுகளில் பரந்துள்ளது பன்னாக் காடு. இது ஓங்கி வளர்ந்த மழைக்காடன்று. தேக்கும் கருங்காலியும் கலந்த வறண்ட இலையுதிர்காடு. தேக்கு இயற்கையாக வளரும் பரப்பின் வடக்கு எல்லை ஏறத்தாழ இங்கே முடிகிறது. கோடையில் இலைகள் உதிர்ந்து, பாறைகள் கொதித்து, பாலைத்திணையை நினைவூட்டும் இந்நிலம் முதல் மழைக்கே பசுமை போர்த்துக்கொள்ளும்.

காட்டின் அமைப்பைப் பெரும்படிகளாகக் கருதிப் பார்க்கலாம். மேற்படி தல்காவ் மேட்டுநிலம்; நடுப்படி ஹினௌதா மேட்டுநிலம்; கீழ்ப்படி கென் ஆற்றுப் பள்ளத்தாக்கு. படிகளுக்கிடையே செங்குத்தான பாறைச்சரிவுகள் நிற்கின்றன. அச்சரிவுகளின் விளிம்புகளில் பாறுக்கழுகுகள் கூடுகட்டுகின்றன. இந்தியாவில் காணப்படும் ஒன்பது பாறுக்கழுகு இனங்களுள் ஏழினை இங்கே காணலாம் என்பர். கென் ஆறு காப்பகத்தினூடே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் ஓடுகிறது. நீண்ட மூக்குடைய கரியால் முதலைகளுக்கும் அவ்வாறு புகலிடம். சிறுத்தை, தேன்கரடி, கடமான், புள்ளிமான், நாற்கொம்பு மான் எனப் பலவகை விலங்குகள் உள்ளன. 1981இல் தேசியப் பூங்காவாகவும் 1994இல் புலிகள் காப்பகமாகவும் பன்னா அறிவிக்கப்பட்டது.

காப்பகத்துக்குள் நுழையும் வாயில்களுள் ஒன்று ஹினௌதா. அதன் அருகில், கங்காவ் சரணாலய எல்லைக்குள், மஜ்கவான் வைரச் சுரங்கம் இயங்குகிறது. இந்தியாவில் இயந்திரங்களைக் கொண்டு வைரம் எடுக்கும் சுரங்கம் இது ஒன்றே. நடுவணரசு நிறுவனமான தேசியக் கனிம வளர்ச்சிக் கழகம் 1960களின் பிற்பகுதி முதல் இதனை நடத்தி வருகிறது. காட்டுக்குள் சுரங்கம் புகுந்தது என்று கூறுவதைவிட, இயங்கிக்கொண்டிருந்த சுரங்கத்தைச் சூழ்ந்திருந்த காடு பின்னாளில் பாதுகாப்பு எல்லைக்குள் கொண்டுவரப்பட்டது என்று கூறுவதே பொருந்தும். வழக்குமன்றங்களில் பின்னர் எழுந்த வாதங்களுக்கு இந்த முன்பின் வரிசை முதன்மையானது.

நூறு டன்னில் இரண்டு கிராம்

வைரம் நிலத்தின் அடியில் நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் கீழே, பெரும் அழுத்தத்தில் உருவாகிறது. அதனை மேலே கொண்டுவருவது ஆழத்திலிருந்து விரைந்து பீறிட்டெழும் பாறைக்குழம்பு. அக்குழம்பு குளிர்ந்து இறுகிய குழாய் போன்ற பாறைத்திரள், நிலத்துள் குத்தி நிறுத்திய முள்ளங்கியைப்போல மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். மஜ்கவானில் உள்ள குழாய்ப்பாறை நூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது.

சுரங்கம் நிலத்தை எவ்வாறு உண்கிறது என்பதனை இந்த வடிவமே முடிவு செய்கிறது. குழாய்ப்பாறையைத் தோண்டுபவர்கள் பக்கவாட்டில் பரவ வேண்டியதில்லை; ஆழத்தை நோக்கிச் செல்கின்றனர். மஜ்கவானின் குத்தகைப் பரப்பு மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. இரும்புத்தாதும் நிலக்கரியும் படலமாகக் கிடப்பவை. அவற்றைத் தோண்டுவோர் அப்படலம் நீளுமிடமெல்லாம் நிலத்தை உரித்துக்கொண்டே செல்ல நேரும்.

கருநாடகத்தின் குதிரைமுகம் இதற்குத் தக்க சான்று. மேற்குத்தொடர்ச்சி மலையில், சோலைமந்திகள் வாழும் காட்டின் நடுவே அங்கே இரும்புத்தாது வெட்டப்பட்டது. நாட்டின் மிகுமழைப் பகுதிகளுள் ஒன்றான அங்கு, உரிக்கப்பட்ட மலையின் மண் ஒவ்வொரு பருவமழையிலும் கரைந்து பத்திரை ஆற்றில் கலந்தது. உச்சநீதிமன்றம் 2002இல் அளித்த தீர்ப்பின்படி 2005ஆம் ஆண்டின் இறுதியில் அச்சுரங்கம் மூடப்பட்டது. பன்னாவில் மழையும் குறைவு, குழியும் சிறிது. ஆகவே, ‘சுரங்கம்’ என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் அளப்பது முறையாகாது.

மஜ்கவானில் நூறு டன் பாறையை உடைத்தால் சற்றேறக்குறைய பத்து காரட் வைரம் கிடைக்கிறது. ஒரு காரட் என்பது 0.2 கிராம், எனவே நூறு டன்னுக்கு இரண்டு கிராம். சுரங்கத்தின் ஆண்டுத்திறன் 84,000 காரட் எனக் குறிப்பிடப்படுகிறது. அதன் எடை 17 கிலோகிராமைக்கூட எட்டாது. ஒரு பள்ளிப் பையில் அடங்கிவிடும். அதற்காக எட்டு இலட்சம் டன்னுக்கும் மேலான பாறை வெட்டப்பட்டு, நொறுக்கப்பட்டு, கழுவப்பட வேண்டும். தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு பயன்படுவதுபோல வைரத்துக்கு நச்சுப்பொருள் தேவையில்லை. நொறுக்கிய பாறையில் கனமான துகள்களை முதலில் பிரிக்கின்றனர். பின்னர், எக்ஸ் கதிர் பட்டால் ஒளிரும் வைரத்தின் இயல்பையும், நீரில் நனையாமல் மசகில் ஒட்டிக்கொள்ளும் அதன் இயல்பையும் பயன்படுத்தி வைரத்தைத் தனியே எடுக்கின்றனர். எஞ்சிய எட்டு இலட்சம் டன்னும் எங்கேனும் குவிக்கப்பட்டாக வேண்டும்.

குழியைவிடப் பெரியது

மூன்று சதுர கிலோமீட்டர் நிலத்தை ஒரு புலியின் வாழ்பரப்போடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிது. இரை குறைந்த வறண்ட காட்டில் ஓர் ஆண்புலி நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் உலவும். அவ்வாறாயின் இச்சிறு குழியால் புலிக்கு என்ன கேடு?

கேடு குழியில் தங்குவதில்லை; குழியைச் சுற்றிப் பரவுகிறது. வெடிவைக்கும் ஓசையும் அதிர்வும் வேலியோடு நிற்பதில்லை. பாறைச்சரிவில் அடைகாக்கும் பறவைக்கு அந்த அதிர்வு எந்தத் திங்களில், எந்த நேரத்தில் வருகிறது என்பது முதன்மையானது. இரவுப்பணிக்கு ஏற்றப்படும் விளக்குகள் மான்களின் நடமாட்டத்தை மாற்றும். சில இடங்களில் மான்கள், வேட்டை விலங்குகள் அஞ்சி விலகும் மனிதக் குடியிருப்புகளின் ஓரத்திலேயே கூடுவதும் உண்டு. புறநோக்கில் மான்கள் மிகுந்துவிட்டன என்று தோன்றும். உண்மையில் அவை ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டிருக்கும். கோடையில் நீர்நிலைகள் சுருங்கும் நாட்டில், பாறை கழுவும் நீர் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்ற வினாவும் எழுகிறது.

இவை அனைத்தினும் கொடியதாகச் சாலையைச் சொல்லலாம். சுரங்கத்துக்காக அமைக்கும் சாலையில் சுமையுந்துகள் மட்டும் செல்வதில்லை. விறகு சேகரிப்பவரும் கால்நடை மேய்ப்பவரும் கண்ணி வைப்பவரும் அதே வழியில் வரமுடியும். காட்டின் நடுப்பகுதிக்குச் செல்ல முன்பு இரண்டு நாள் நடக்க வேண்டியிருந்த ஒருவர் இப்போது இரண்டு மணிநேரத்தில் சென்று திரும்புவார். மின்கம்பியும் அத்தகையதே. கம்பியில் கொக்கியிட்டு விலங்குகளின் தடத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொல்லும் முறை மத்திய இந்தியக் காடுகளில் வழக்கமான கள்ளவேட்டை உத்திகளுள் ஒன்று.

புலியற்ற காடு

இனி வருவது பன்னா வரலாற்றின் கசப்பான பகுதி. 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பன்னாவில் முப்பதுக்கும் மேற்பட்ட புலிகள் இருந்ததாகக் கணிக்கப்பட்டது. ரகு சுந்தாவத் என்னும் அறிவியலாளர் 1990களின் இடைப்பகுதி முதல் புலிகளுக்கு வானொலிக் கழுத்துப்பட்டி அணிவித்து ஆராய்ந்து வந்தார். தாம் பின்தொடர்ந்த புலிகள் ஒவ்வொன்றாக மறைவதைக் கண்டு அவர் எச்சரித்தார். காப்பகத்தினர் அதனை ஏற்கவில்லை. புலிகள் நலமாக உள்ளன என்றே ஏடுகள் கூறின. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பன்னாவில் ஒரு புலிகூட எஞ்சவில்லை என்ற உண்மையை மறைக்க இயலாமற் போனது. இராசத்தானின் சரிஸ்காவுக்குப் பின் புலிகளை முற்றிலும் இழந்த இரண்டாம் காப்பகமாயிற்று பன்னா. நடுவணரசு அமர்த்திய குழு கள்ளவேட்டையையே முதன்மைக் காரணமாகச் சுட்டியது.

இந்த ஆண்டுகளில் சுரங்கம் என்ன செய்துகொண்டிருந்தது? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆணைப்படி 2005இல் அது நிறுத்தப்பட்டது. உச்சநீதிமன்றத்தின் இசைவோடு 2009இல் மீண்டும் தொடங்கியது. அதாவது, எஞ்சியிருந்த புலிகளும் அழிந்த ஆண்டுகளில் சுரங்கம் மூடிக்கிடந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்த புலிகள் பல்கிப் பெருகிய ஆண்டுகளிலோ அது இயங்கிக்கொண்டிருந்தது.

தேதிகளை மட்டும் அடுக்கிப் பார்ப்பவர், ‘சுரங்கம் இயங்கினால் புலி பெருகும், நின்றால் புலி அழியும்’ என்று வாதிடக்கூடும். அது பிழை. ஒரே காலத்தில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளுள் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. இங்கே இரண்டுக்கும் புறம்பான மூன்றாவது ஒன்று செயற்பட்டது. அது காவல். காவல் தளர்ந்தபோது, சுரங்கம் மூடியிருந்தும் புலி மடிந்தது. காவல் இறுகியபோது, சுரங்கம் திறந்திருந்தும் புலி பெருகியது. இதனால் சுரங்கம் தீங்கற்றது என்று ஆகிவிடாது. சுரங்கத்தை மூடிவிட்டால் மட்டும் காடு தழைத்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் இவ்வரலாறு இடம் தரவில்லை. சுரங்க நிறுவனத்தாரும் அதன் எதிர்ப்பாளரும் இந்தத் தேதிகளில் தமக்கு வேண்டியவற்றை மட்டும் எடுத்துக்கொள்வது எளிது.

டி-3 நடந்த வழி

2009 மார்ச்சில் பந்தவ்கரிலிருந்து டி-1, கன்ஹாவிலிருந்து டி-2 என இரண்டு பெண்புலிகள் பன்னாவுக்குக் கொண்டுவரப்பட்டன. கன்ஹாப் புலி ஹெலிகாப்டரில் வந்திறங்கியது. அப்போது காட்டில் ஆண்புலி ஒன்றுகூட இல்லை. நவம்பரில் பெஞ்ச் காட்டிலிருந்து டி-3 என்னும் ஆண்புலி கொண்டுவரப்பட்டது. விடுவித்த சில நாள்களிலேயே அது தெற்கு நோக்கி, தான் பிறந்த காடு இருக்கும் திசையில் நடக்கத் தொடங்கியது.

கள இயக்குநர் ஆர். சீனிவாச மூர்த்தியின் தலைமையில் வனப்பணியாளர்கள் யானைகளோடு அதனைப் பின்தொடர்ந்தனர். ஏறத்தாழ ஒரு மாதம் அப்புலி வயல்களையும் ஊர்களையும் சிதறிக்கிடந்த காடுகளையும் கடந்து நானூறு கிலோமீட்டருக்கும் மேல் நடந்தது. வழியில் ஒரு மனிதரையும் அது தாக்கவில்லை. டிசம்பர் 25 அன்று தமோ மாவட்டக் காட்டில் மயக்க ஊசி செலுத்தி மீண்டும் பன்னாவுக்குக் கொண்டுவந்தனர். இம்முறை அது தங்குவதற்காக, பெண்புலியின் சிறுநீரைச் சேகரித்துக் காட்டில் தெளித்தனர். உத்தி பலித்தது. 2010 ஏப்ரலில் டி-1 நான்கு குட்டிகளை ஈன்றது. அடுத்த ஆண்டில், தாயை இழந்து கன்ஹாவில் மனிதர் கண்காணிப்பில் வளர்ந்த இரண்டு பெண்புலிகளும் பன்னாவில் விடப்பட்டன. வேட்டையைத் தாயிடம் கற்காத அவையும் காட்டு வாழ்வுக்குப் பழகின. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பன்னாவின் புலிகள் ஐம்பதைக் கடந்திருந்தன.

இந்த மீட்சியின்போது புலி ஒவ்வொன்றையும் தனித்தனியே பின்தொடரக் குழுக்கள் அமர்த்தப்பட்டன. இரவும் பகலும், மழையிலும் வெயிலிலும் அக்குழுக்கள் காட்டில் இருந்தன. காவல் என்று மேலே குறிப்பிட்டது இந்த உழைப்பைத்தான்.

தெரிந்து தெளிவோம்

காடுகள் தொடர்பான உச்சநீதிமன்ற ஆணைகள் பலவும் ‘கோதவர்மன் வழக்கு’ என்ற பெயரில் வழங்குகின்றன. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதியில் காட்டுமரங்கள் வெட்டப்படுவதைத் தடுக்குமாறு, நிலம்பூரைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கு அது. குதிரைமுகச் சுரங்கத்தை மூடும் தீர்ப்பும் அவ்வழக்கின் தொடர்ச்சியாகவே பிறந்தது. தேசியப் பூங்கா, சரணாலயம் ஆகியவற்றின் உள்ளும் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும் சுரங்கப்பணி கூடாது என 2023இல் உச்சநீதிமன்றம் உறுதிப்படுத்தியதும் அதே வழக்கில்தான்.

நிபந்தனைகளின் உயிர்

பொதுவிதி தடுக்கும் இடத்தில் மஜ்கவான் இயங்குவது தனியே பெற்ற இசைவுகளால். அவை காலவரையறைக்கு உட்பட்டவை. 2020 டிசம்பரோடு இசைவுக்காலம் முடிந்தபோது சுரங்கம் நின்றது. புதிய ஒப்புதல்களுக்குப் பிறகே சில ஆண்டுகள் கழித்து மீண்டும் இயங்கலாயிற்று.

இத்தகைய இசைவுகளோடு நிபந்தனைகள் இணைக்கப்படுவது வழக்கம். வெடிவைக்கும் நேரம், இரவுப் போக்குவரத்து, ஒளியின் அளவு, கழிவுநீர், புழுதி, மரம் நடுதல் எனப் பட்டியல் நீளும். தாளில் உள்ள நிபந்தனை விலங்கைக் காப்பதில்லை. அது நடைமுறையில் உள்ளதா என்று பார்ப்பவர் சுரங்க நிறுவனத்தைச் சாராதவராக இருத்தல் வேண்டும். பார்த்ததை வெளியிடும் உரிமை அவருக்கு வேண்டும். மீறினால் பணி நிற்கும் என்ற நிலையும் வேண்டும். புலிகள் மறைவதைச் சொன்ன அறிவியலாளரின் சொல் ஏற்கப்படாத காட்டில், இதனை வலியுறுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

சுரங்கம் முடிந்தபின் நிலத்தை எவ்வாறு விடுவது என்னும் மூடல் திட்டத்தையும் நிறுவனங்கள் முன்னதாகவே அளிக்க வேண்டும் என்பது 2003 முதல் நம் நாட்டு விதி. செங்குத்துச் சுவர்கள் கொண்ட ஆழ்குழியில் மழைநீர் தேங்கும். வறண்ட காட்டில் நீர் தேடி வரும் விலங்கு இறங்கி ஏறச் சரிவு அமைக்கப்பட்டால் அது குளம். அமைக்கப்படாவிட்டால் அது பொறி.

எட்டு மீட்டர் நிலம்

பன்னாவில் வைரம் தேடுவது பெருநிறுவனம் மட்டுமன்று. எட்டு மீட்டர் நீளமும் எட்டு மீட்டர் அகலமும் உள்ள நிலத்துண்டைச் சிறு கட்டணத்துக்கு அரசிடம் குத்தகை எடுத்து, கடப்பாரையும் சல்லடையும் கொண்டு ஏழைக் குடும்பங்கள் சரளை மண்ணைத் தோண்டுகின்றன. கல் கிடைத்தால் அதனை நகரிலுள்ள அரசு வைர அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அது ஏலம் விடப்பட்டு, அரசின் பங்கு போக மீதி கண்டெடுத்தவருக்குச் சேரும். பெரும்பாலோர்க்கு ஆண்டுக்கணக்கில் எதுவும் கிடைப்பதில்லை. ஒருவருக்குக் கிடைத்த செய்தி நூறு பேரைத் தோண்ட வைக்கிறது. குத்தகை இன்றிக் காட்டு ஓரங்களில் தோண்டப்படும் குழிகளும் உண்டு.

காப்பகம் அமைந்தபோது உள்ளிருந்த ஊர்கள் சில வெளியேற்றப்பட்டன. மேய்ச்சலும் விறகும் தடையாயின. வேலி கட்டி வேலை தரும் சுரங்கத்தையும் வேலி கட்டி வேலை தராத காப்பகத்தையும் ஒருசேரக் காணும் சிற்றூர் உழைப்பாளி எதன் பக்கம் சாய்வார் என்பதனைக் கணிப்பது கடினமன்று. வேட்டையைத் தொழிலாகக் கொண்டிருந்த பார்தி மக்களின் நிலை இன்னும் சிக்கலானது. ஆங்கிலேயர் காலத்துக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் வடு பட்ட சமூகம் அது. பன்னாவில் அம்மக்களின் குழந்தைகளுக்கு விடுதிகள் தொடங்கப்பட்டன. தடம் அறியும் தம் மரபறிவைக் கொண்டு பயணிகளுக்குக் காட்டை அறிமுகம் செய்யும் வழிகாட்டிகளாகப் பார்தி இளைஞர் சிலர் மாறியுள்ளனர். புலிகளை மீட்டதற்கு ஈடான பணியாக இதனைக் கருதத் தோன்றுகிறது.

வழித்தடத்தின் நடுவே

டி-3 தெற்கே நடந்தபோது கடந்த நிலப்பகுதியை மீண்டும் நினைவுகூர வேண்டும். பன்னாவுக்கும் தெற்கேயுள்ள நௌராதேஹிக் காடுகளுக்கும் இடையில், சத்தர்பூர் மாவட்டத்தில் பக்ஸ்வாஹா என்னும் காட்டுப்பகுதி உள்ளது. மஜ்கவானைவிட மிகுந்த வைர வளம் அங்கே கண்டறியப்பட்டது. முதலில் ஆய்வு நடத்திய ரியோ டின்டோ நிறுவனம் 2016இல் விலகுவதாக அறிவித்தது. 2019இல் அவ்வளம் ஏலம் விடப்பட்டு வேறொரு நிறுவனத்துக்குச் சென்றது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்படும் என்ற செய்தி பரவியதும் 2021இல் எதிர்ப்பு எழுந்தது. அங்கே கண்டறியப்பட்ட தொல்பழம் பாறை ஓவியங்களைக் காக்கும் பொருட்டு உயர்நீதிமன்றம் சுரங்கப்பணிக்கு இடைக்காலத் தடை விதித்தது.

மஜ்கவானும் பக்ஸ்வாஹாவும் ஒரே கனிமத்துக்காகத் தோண்டப்படும் குழிகள் என்றாலும், காட்டுயிர் நோக்கில் ஒன்றல்ல. மஜ்கவான், கடுங்காவல் உள்ள காப்பகத்தின் ஓரத்தில் உள்ளது. அங்கே புலி குழியைச் சுற்றிப்போக இடமுண்டு. பக்ஸ்வாஹா காப்பகம் அன்று, காவலும் குறைவு. ஆனால் ஒரு காட்டில் பெருகிய புலிகள் மற்றொரு காட்டுக்குச் செல்லும் குறுகிய இடைவெளியில் அது நிற்கிறது. ஐம்பது புலிகளும் வெளியேற வழியின்றி ஒரே காட்டில் அடைபட்டால், தமக்குள் போரிட்டு மடியும். தலைமுறைகள் கடந்தால் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம்பெருக்கி நலியும். ஆகவே ஒரு சுரங்கத்துக்கு இசைவளிக்கும் முன், அது எவ்வளவு நிலத்தை எடுக்கிறது என்பதோடு, எவ்விரு காடுகளுக்கு நடுவே நிற்கிறது என்றும் கேட்க வேண்டியுள்ளது.

பன்னாவில் பிறந்த இளம்புலிகள் தமக்கென எல்லை தேடிக் காப்பகத்தை விட்டு வெளியேறுவது இப்போது இயல்பாகிவிட்டது. வடகிழக்கே சத்னா, சித்ரகூடக் காடுகள் வரையிலும் அவை சென்றுள்ளன. நௌராதேஹியும் 2023இல் வீராங்கனை துர்காவதி புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டுள்ளது.